பர்கூர் மலைச் சேற்றில் இரண்டு பழைய ஜீப்புகள்

மேரி போன் செய்தபோது நான் மதுக்கரையில் ஒரு காலி மைதானத்தில், ஒரு பல் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தரும் சின்னப் பள்ளி என்னுடையது. பாடம் நடக்கும்போது போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அடித்ததால் எடுத்தேன்.

“ராணிக்கா, லாரிக்காரர் திரும்பிப் போயிட்டாருங்க. தாமரைக்கரைக்கு மேல வண்டி ஏறாதுன்னு சொல்லிப்போட்டார்” என்றாள்.

மேரி என் சித்தி மகள். அந்தியூருக்கு மேலே, பர்கூர் மலையில் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியின் வார்டன். விடுதிக்கு ஊற்றுக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்பு எரிந்துபோய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. மோட்டாரின் செம்புச் சுருளை இரண்டு தடவை மாற்றிக் கட்டிய பழைய பம்பு. மூன்றாவது தடவை கட்ட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். எங்கள் கோவில் பங்கு மக்கள், சர்ச்சுக்காரர்கள், சேர்ந்து கோவையில் புதிதாக ஒன்று வாங்கி லாரியில் போட்டு அனுப்பினோம். அதுதான் இப்போது திரும்பி வந்துகொண்டிருந்தது.

“திங்கக்கிழமை காலைக்குள்ள தண்ணி வரலைன்னா மேலதிகாரிக பிள்ளைகளை ஊட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்கக்கா. அவங்க சொல்றதும் நியாயந்தான். நாப்பத்திரண்டு பேர் குடத்துல தூக்கி எத்தனை நாளைக்குக் குளிக்க முடியும்? ஆனா போனா பத்தாவதுப் பிள்ளைக பாதிப் பேர் திரும்ப மாட்டாங்க. போன வருசம் பத்து நாள் லீவுக்குப் போனவங்கள்ல ரெண்டு பேருக்குக் கல்யாணமே ஆயிருச்சு.”

அன்று வெள்ளிக்கிழமை. டாக்டரம்மாவிடம், “மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஜீப்பின் தார்ப்பாயை உரித்தேன்.

என்னுடையது டீசல் ஜீப். அரசு ஏலத்தில் எடுத்தது. வயது முப்பதுக்கு மேல். நாலு சக்கரத்துக்கும் விசை போகும்படி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் குடும்பம் தாத்தா காலம் வரை வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தது. அப்பா அடுத்தவர் டிராக்டர் ஓட்டினார். சொந்தப் பெயரில் ஆர்.சி. புத்தகம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் இந்த வண்டியை யாராவது குறை சொன்னால் எனக்கு உடனே சுருக்கென்று வரும்.

குறை சொல்வதையே வேலையாக வைத்திருப்பவர் ஆரோக்கியசாமி மச்சான். என் அக்கா லூர்துவின் வீட்டுக்காரர், பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். அவரிடம் இருப்பதும் ஜீப்தான், என் வண்டியைவிட மூன்று வயது மூத்தது. ஆனால் பெட்ரோல் எஞ்சின். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரியாணி முடிந்ததும் ஆரம்பிப்பார். “உன்ற வண்டி எருமை அம்மணி. படுத்தா எந்திரிக்காது.” நான் விடுவேனா? “உங்களுது வெள்ளாட்டுக்குட்டி மச்சான். தண்ணியைக் கண்டா ஓடிப்போயிரும்.” வருடக்கணக்காக வாயிலேயே நடந்த பந்தயம். ஒரே பாதையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தது கிடையாது.

பம்பைப் பொருத்த ஃபிட்டர் வேண்டும். பம்பு ஒரு வண்டியில், குழாயும் சாமானும் இன்னொன்றில். போனில் சொன்னதுமே மச்சான் லீவு போட்டுவிட்டார். “நானும் வாரேன். உன்ற எருமைக்கு வழிகாட்ட ஆள் வேணுமல்ல?”

சனிக்கிழமை காலை பெருந்துறையில் சேர்ந்துகொண்டோம். லூர்து அக்கா தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறும், தனியாக நெய்யும், அப்பளமும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்காரர் வண்டியில் ஏறினாள். வழியிலேயே லாரி ஆபீசில் பம்பை மீட்டு என் வண்டிக்கு மாற்றினோம். நாலு பேர் தூக்கினார்கள். பின்பட்டை, பின்சக்கரத்து ஸ்பிரிங், ஒரு சாண் இறங்கியது. மச்சான் அதைப் பார்த்தார். தன் வண்டி மேல் குழாய்களைக் கட்டினார்.

தார் ரோட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. அந்தியூர் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பெட்ரோல் ஜீப் வளைவுக்கு வளைவு மறைந்தது. நான் இரண்டாவது கியரில் கரும்புகை விட்டபடி ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மச்சான் வண்டியை ஓரம்கட்டி, பானெட்டில் சாய்ந்து எனக்காகக் காத்திருந்தார். மூன்றாவது திருப்பத்தில் அக்கா சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “நேரம் இருக்குதேன்னு ஆரம்பிச்சுட்டேன் கண்ணு” என்றாள்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. பாதி மலையில் அவர் வண்டி இருமி, துள்ளி, நின்றுபோனது. பழைய பெட்ரோல் டாங்கியின் அடியிலிருந்து தூசி போய் கார்புரேட்டரில் அடைத்துக்கொண்டிருந்தது. மச்சான் பொறுமையாகக் கழற்றி, பெட்ரோல் போகும் ஊசித் துளை ஜெட்டை வாயில் வைத்து ஊதி, துப்பி, மறுபடி ஊதினார். இருபது நிமிடம். நான் மெதுவாகத் தாண்டிப் போய், அடுத்த திருப்பத்தில் என் பானெட்டில் சாய்ந்து நின்றேன். பானெட் சூட்டில் முதுகு பொரிந்தது. ஆனாலும் நகரவில்லை.

அன்று தாமரைக்கரையில் தங்கினோம். மேரி சொல்லிவைத்திருந்த மாதேவன் வீடு. மாதேவனுக்கு ஐம்பது வயதிருக்கும்; மாடு வளர்க்கிறார்; அவர் மகள் மேரியின் விடுதியில் பத்தாவது படிக்கிறாள். அந்த மலையில் வீட்டுப் பேச்சு கன்னடம். எங்களோடு தமிழில் பேசினார். மனைவியோடு பேசியது எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அக்கா சொன்னாள். பெருந்துறையில் அக்கம்பக்கத்தில் கன்னடக் குடும்பங்கள் இருப்பதால் அவளுக்குப் பழக்கம்.

“இந்த வண்டிகளா போகப்போகுது?” என்று அந்தம்மா கேட்டாராம்.

“வேற யாரும் வரலையே” என்றாராம் மாதேவன்.

ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். எங்கள் ஊரில் களியைச் சர்க்கரைக்காரர்களுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். அந்தக் குழம்போடு நான் மூன்று உருண்டை சாப்பிட்டேன். மச்சான் நாலு.

ஞாயிறு காலை மாதேவன் என் வண்டியில் ஏறிக்கொண்டார். தார் முடிந்து மண்பாதை. ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு வாரம் பெய்த மழையில் செம்மண் குழைந்து, டிராக்டர் தடங்கள் முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தன. இறங்கி நடந்து பார்த்தோம். செருப்பு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் வந்தது.

முதல் ஏற்றத்தில் மச்சான் போனார். சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, நாலு சக்கர விசையைப் போட்டு, ஒரே சீராக ஏறினார். வண்டி பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடியதே தவிர எங்கும் புதையவில்லை. அந்த எடை குறைந்த வண்டி சேற்றின் மேல்தோலில் நடந்தே போய்விட்டது. உண்மையிலேயே அழகாக இருந்தது. மேலே போய் ஹாரன் அடித்தார்.

அடுத்து நான். நானும் காற்றை இறக்கினேன். லோ கியர் போட்டேன். பாதி ஏற்றம் வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் பின்சக்கரம் இரண்டும் சுழன்று, தோண்டி, தோண்டி, வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்கு, “சேத்துல மிதிக்காதீங்க” என்று சொல்லிக்கொடுப்பவள் நான்.

மச்சான் கீழே இறங்கி வந்தார். இனி அடுத்த கிறிஸ்துமஸ் வரை இதுதான் பேச்சு என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அம்மணி, ஒருக்கா லேசா மிதி.”

மிதித்தேன்.

“முன்னாடி இடது சக்கரம் சுத்தவே இல்லை. லாக்கைத் திருப்பினயா?”

இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் போதாது. இறங்கிப் போய் முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் திருகைக் கையால் திருப்ப வேண்டும். அப்போதுதான் எஞ்சின் விசை அந்தச் சக்கரத்துக்குப் போகும். நான் இரண்டையும் திருப்பினேன். ஆனால் இடதுபக்கத் திருகு மண் அடைத்து முழுசாகத் திரும்பவில்லை, நான் கவனிக்கவில்லை. ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் மறுபக்கமும் இழுக்காது. இவ்வளவு தூரம் நான் ஏறியது வெறும் இரண்டு சக்கரத்தில்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. “கவனிக்கலை மச்சான்” என்றேன்.

“ரெண்டு சக்கரத்துலயே இத்தனை தூரம் வந்திருச்சா?” என்று கேட்டுவிட்டு, திருகைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை என் வண்டிக்கு அவரிடமிருந்து கிடைத்த முதல் மரியாதை.

அரை மணி நேரம் மண்ணை வெட்டினோம். மாதேவன் புதர் வெட்டிப் போட்டார். அக்கா கல் பொறுக்கிப் போட்டாள். திருகு இந்தத் தடவை ‘டக்’கென்று விழுந்தது. நான் லோ கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிளட்சை விட்டேன். நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தன. வண்டி அந்தக் குழியிலிருந்து எழுந்து, அத்தனை எடையோடும், ஆள் நடக்கும் வேகத்தில் உச்சி வரைக்கும் போனது. மச்சானின் வண்டி ஓடி ஏறிய இடத்தை என்னுடையது நடந்து ஏறியது.

ஆறு கிலோமீட்டர் தாண்டிக் காட்டோடை. முந்தின நாள் இடுப்பளவு ஓடியதாக மாதேவன் சொன்னார். இப்போது முழங்காலுக்கு மேல். கலங்கல் தண்ணீர். மேலே மலைமுகட்டில் கருமேகம் நின்றிருந்தது.

“இப்பப் போனாத்தான் உண்டு. அங்க பேஞ்சா ஒரு மணி நேரத்துல இங்க வந்துரும்” என்றார்.

மச்சான் வண்டியோடு ஓடையில் இறங்கினார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஓடை வரை சரியாகப் போனார். அங்கே ஒரு பள்ளம். முன்பக்கம் இறங்கி, தண்ணீர் பானெட்டுக்குள் அடித்தது. எஞ்சின் இரண்டு முறை வெடித்து நின்றது. பெட்ரோல் வண்டிக்கு நெருப்புப் பொறி வேண்டும். பொறி கொடுக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் அதோடு சரி. அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் கதவில்லாத வண்டிக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. அக்கா காலைத் தூக்கி டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, வண்டி நகருதுங்க” என்று அவள் சொன்னது எனக்குக் கரையில் கேட்டது.

எஞ்சின் நிற்கிறது, ஆனால் வண்டி நகர்கிறது. தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி, கல்லில் முட்டி நின்றது. அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பாதையை அவர்கள் வண்டி அடைத்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இழுத்தால் பள்ளத்திலிருந்து ஏறாது. சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய் முன்னாலிருந்துதான் இழுக்க வேண்டும். மாதேவன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, அவர்கள் வண்டிக்கு மேல்புறமாகத் தண்ணீரில் இறங்கி, குத்திக் குத்திப் பார்த்து, என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவர் கால் வைத்த இடத்தில் நான் சக்கரத்தை வைத்தேன்.

டீசலுக்குப் பொறி வேண்டாம். மேலே காற்றை இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போகாதவரை ஓடிக்கொண்டேயிருக்கும். இது எனக்குத் தெரியும். மாணவிகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் தண்ணீர் என் பாதத்தைத் தொட்டபோது நெஞ்சு அடித்த அடியில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. பின்பக்கம் இருந்த பம்பின் எடை, காலையில் என்னைச் சேற்றில் புதைத்த அதே எடை, இப்போது வண்டியைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தது. வெள்ளம் தள்ளியது, வண்டி அசையவில்லை. அக்காவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் தூக்குப்போசியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கரை ஏறி, திருப்பி நிறுத்திக் கயிற்றை மாட்டினோம். மாதேவன் மறுமுனையைக் கொண்டுபோய் மச்சானிடம் கொடுத்தார்.

“மெதுவா அம்மணி” என்றார் மச்சான். “பம்பர் கழண்டு வந்துரும்.”

பின்கியர், லோ. கயிறு நீரிலிருந்து மேலே வந்து, சொட்டி, விறைத்தது. என் வண்டி ஒரு கணம் நின்ற இடத்திலேயே உறுமியது. பின்பட்டையில் ‘படார்’ என்று ஏதோ உடைந்த சத்தம். விடவில்லை. பள்ளத்திலிருந்து பெட்ரோல் ஜீப்பின் மூக்கு எழுந்தது, பிறகு முன்சக்கரங்கள், பிறகு முழு வண்டியும், ஆளும், குழாயும், அக்காவும், சோறும்.

அக்கா இறங்கி, சேலையைப் பிழிந்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தாள். “எருமைன்னு இனிச் சொன்னீங்கன்னா நான் அவ ஊட்டுக்குப் போயிருவேன்” என்றாள்.

“சொல்லலை” என்றார் மச்சான்.

அவர் வண்டியை உயிர்ப்பிக்க ஆன நேரம் பத்து நிமிடம்தான். பொறி கொடுக்கும் மூடியைக் கழற்றி, அக்காவின் நனையாத முந்தானையில் துடைத்து, பிளக்குகளைக் காயவைத்து மாட்டினார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அந்த வண்டியைப் பராமரிப்பது அப்படி. அடிக்கடி ஏதாவது கேட்கும். ஆனால் நடுக்காட்டில் ஒரு ஸ்பானரும் ஒரு துணியும் போதும். என் வண்டி எதுவும் கேட்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கேட்கும். இப்போதும் குனிந்து பார்த்தால் பின்பட்டையில் ஒரு தகடு முறிந்திருந்தது. ஊருக்குப் போனதும் பட்டறையில் மூன்று நாள் வேலை. மதுக்கரையின் சிமெண்டுத் தூசிக்கு மாதாமாதம் காற்று ஃபில்டர் கழுவுவது தனி.

இடதுபக்கம் சாய்ந்தபடியே விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேகம் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

மேரி ஓடிவந்தாள். பின்னால் பிள்ளைகள். பம்பை இறக்க அத்தனை கைகள். மச்சான் உடம்பெல்லாம் சேறோடு கிணற்றடியில் உட்கார்ந்து, பழைய பம்பைக் கழற்றிப் புதியதை அதன் மேடையில் ஏற்றி, நட்டு முறுக்கி, குழாய்களைச் சேர்த்தார். ஃபிட்டர் வேலையில் அவர் யாரோடும் பேசமாட்டார். மூன்று மணி நேரம். நடுவில் மின்சாரம் போய் வந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றிக் குழாயை நிரப்பி, சுவிட்சைப் போட்டார். பம்பு ஓடியது. தண்ணீர் வரவில்லை. அணைத்து, ஓர் இணைப்பைத் திரும்ப முறுக்கி, மறுபடி நிரப்பி, மறுபடி போட்டார்.

மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பிள்ளை கீழே குனிந்து சொன்னாள், கன்னடத்தில். அதை அக்கா எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேரி ஒரு மேட்டில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்து, சிக்னல் கிடைத்ததும் மேலதிகாரியிடம் பேசினாள். “தண்ணி வந்திருச்சுங்க. இல்லீங்க, யாரையும் அனுப்பலீங்க” என்றாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பம்பு தூக்கியதில் இரண்டு பேர் மேலும் ஒரே அளவு சேறு.

திங்கட்கிழமை காலை எழுந்தபோது குளியலறை வரிசை வாசல் வரை நின்றது. பதின்மூன்று நாளுக்குப் பிறகு தலைக்குக் குளித்த பிள்ளைகள் ஈரக் கூந்தலோடு வெயிலில் நின்றார்கள். முறம் நிறையச் சூடான புட்டு. அக்காவும் மேரியும் அடுப்படியில். சாப்பிடும்போது மச்சானிடம், “எது நல்ல வண்டின்னு முடிவாயிருச்சா?” என்று மேரி கேட்டாள்.

“ஏத்தத்துல என்னுது. தண்ணியில அவளுது” என்றார். கொஞ்சம் மென்றுவிட்டு, “ஓடை இல்லாத ஊரே இந்த மலையில இல்லை” என்றார்.

அதற்குமேல் ஒரு மனிதரிடம் நான் என்ன எதிர்பார்க்க?

உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி. பத்தாவதுப் பிள்ளைகள் பதினேழு பேர், தினமும் நடப்பார்கள். அன்று நாங்கள் ஏற்றிப் போனோம். பின்னால் குட்டிப் பெஞ்சுகள் எதிரெதிரே இருப்பதால் என் வண்டியில் பத்துப் பேர் ஏறினார்கள். தோள் கொடுத்து உடைந்த பட்டையையும் சேர்த்துத் தூக்குகிறோம் என்று சொல்லிச் சிரித்தார்கள். மாதேவனின் மகள் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் போடும் கையையே வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தாள். மீதி ஏழு பேர் மச்சானோடு முன்னால் பறந்தார்கள். இருக்கிற ஒரே ஏற்றத்தில் அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை.

பள்ளி மைதானத்தில் இரண்டு வண்டியும் சேறு உதிர்த்து நின்றன. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டோடு வாசலில் நின்றிருந்தார். விடுதி மூடப்படும் என்ற செய்தி அவருக்கும் போயிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்க, அவர் பேனாவைத் திறந்து, பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். மச்சானும் நானும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பதினேழு பெயர். பதினேழு தடவையும் பதில் வந்தது.